பேஸ்போல் ஸ்டார்ட்டர் எல்லாரும் 4-வது இன்னிங்ஸில உடையினம்: 17–18 வயசு அணிக்கு ரொட்டேஷனை எப்படி ஒழுங்குபடுத்தலாம்?

பம்பலப்பிட்டி_பேஸ்:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். 17–18 வயசுப் பெடியளின்ர அணி ஒண்டு. போட்டியள் சனியும் ஞாயிறும், 7 இன்னிங்ஸ், தியகம பேஸ்போல் மைதானத்தில. கிழமை நாள் பயிற்சி கொழும்புக்குள்ள ஒரு கிரிக்கெட் மைதானத்தில, தட்டைத் தரையில. ஸ்டார்ட்டர் (போட்டியைத் தொடங்கிப் பந்து வீசுற பிட்சர்) எண்டு சொல்லக்கூடியவர் மூண்டு பேர், பிறகு வந்து போடக்கூடியவர் ஒருத்தர். மற்றப் பெடியளில இரண்டு பேர் அவசரத்துக்கு ஒரு இன்னிங்ஸ் போடுவினம்.

முதல் மூண்டு இன்னிங்ஸ் ஆர் போட்டாலும் நல்லாப் போகுது. நாலாவதில ஒரு வோக் (நாலு பிழையான பந்தால துடுப்பாளர் சும்மா முதலாம் பேஸுக்குப் போறது), ஒரு ஸ்டீல் (பேஸில நிக்கிற ரன்னர் திருட்டா அடுத்த பேஸுக்கு ஓடுறது), இன்னொரு வோக், அதோட ஒரு அடி. ஐஞ்சு ஓட்டம் போயிடும். மூண்டு பேருக்கும் இதே நிலைதான். பிட்சர்மார் தொடங்குற ஆர்டரை, அதாவது ரொட்டேஷனை, மாத்தினாச் சரிவரும் எண்டு அணியில சிலர் சொல்லினம்.

மூண்டு கேள்வி. ஆர்டரை மாத்துறதால பிரயோசனம் இருக்கா? முதல்தரப் பிட்சரை சனிக்கிழமை போடுறதா, ஞாயிற்றுக்கிழமை போடுறதா? கடைசிச் சுற்று வெள்ளி, சனி, ஞாயிறு மூண்டு நாளும் தொடர்ந்து வருது, அதுக்கு என்ன திட்டம்?

ஸ்கோர்புக்:

தம்பி, ஆர்டரை மாத்த முதல் ஸ்கோர் புத்தகத்தை எடுங்கோ. ஒவ்வொரு பிட்சருக்கும் நாலு விசயம் எழுதுங்கோ: ஒரு இன்னிங்ஸுக்கு எத்தினை பந்து, ஒவ்வொரு துடுப்பாளருக்கும் போட்ட முதல் பந்து ஸ்ட்ரைக்கா (பிட்சருக்குச் சாதகமான பந்து) இல்லையா, வோக்கும் உடம்பில பட்டதும் எத்தினை, பேஸில ஆள் நிக்கேக்க எப்படி, ஆள் இல்லாதப்ப எப்படி. ஓட்டக் கணக்கை மட்டும் பார்த்தா ஏமாந்து போவீங்கள், அதுக்குள்ள களத்தடுப்பின்ர பிழையும் சேர்ந்திருக்கும்.

பிட்சரின்ர சொந்தப் பங்கைப் பிரிச்செடுக்க ஒரு சுருக்கக் கணக்கு இருக்கு. ஹோம் ரன்னை 13-ஆல பெருக்குங்கோ. வோக்கையும் உடம்பில பட்டதையும் கூட்டி 3-ஆல பெருக்கி அதோட சேருங்கோ. ஸ்ட்ரைக்அவுட்டை (மூண்டு ஸ்ட்ரைக்கால அவுட் ஆக்கினதை) 2-ஆல பெருக்கிக் கழியுங்கோ. வந்ததை இன்னிங்ஸால பிரியுங்கோ. மேஜர் லீக்கில (வட அமெரிக்காவின்ர முதல்தரத் தொழில்முறை லீக்) இதுக்கு மேல கிட்டத்தட்ட 3.10 கூட்டுவினம், உங்கட அணிக்குள்ள ஒப்பிட அது தேவையில்லை.

உதாரணத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு 20 இன்னிங்ஸ், குடுத்த ஓட்டமும் ஒரே அளவு எண்டு வையுங்கோ. முதலாவது ஆளுக்கு 16 வோக், 4 தரம் உடம்பில பட்டது, 14 ஸ்ட்ரைக்அவுட், ஹோம் ரன் இல்லை: 60-இல 28 போக 32, 20-ஆல பிரிச்சா 1.6. இரண்டாவது ஆளுக்கு 5 வோக், 1 தரம் பட்டது, 9 ஸ்ட்ரைக்அவுட், 1 ஹோம் ரன்: 13-உம் 18-உம் 31, அதில 18 போக 13, பிரிச்சா 0.65. முதலாவது ஆள் வேகமா வீசுறவர், எல்லாரும் அவரைத்தான் முதல்தரம் எண்டு சொல்லுவினம். ஆனா உங்கட களத்தடுப்புக் கொஞ்சம் திருந்தினாலே இரண்டாவது ஆள்தான் கூட வெல்லுவார். ஆர்டர் எழுதுறதெண்டா இந்தக் கணக்குக்குப் பிறகு எழுதுங்கோ.

இன்னொண்டையும் பாருங்கோ. இன்னிங்ஸுக்கு 20 பந்து போனா 7 இன்னிங்ஸுக்கு 140. அதை 16-ஆக்கினா 112. ஒரு போட்டியில 28 பந்து மிச்சம், அதாவது ஒரு ரிலீவர் (பிறகு வந்து போடுறவர்) போடுற அளவு. உங்களுக்கு ஐஞ்சாவது பிட்சர் எங்கயிருந்து வருவார் எண்டு தேட வேண்டாம், வோக்கைக் குறைச்சா இருக்கிற நாலு பேருக்குள்ளயே கிடைப்பார்.

ஒன்பதாம்_இன்னிங்ஸ்:

நாலாவது இன்னிங்ஸ் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது துடுப்பாட்ட வரிசை மூன்றாவது தடவை சுற்றி வருவதுதான். ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும் துடுப்பாளர் தெளிவாகக் கூடுதலாக அடிக்கிறார் என்பது மேஜர் லீக்கில் நீண்ட காலமாக அளந்து பார்த்த விடயம். டாம்பா பே ரேய்ஸ் அணி அதற்காகத்தான் ஓப்பனர் முறையைக் கொண்டுவந்தது. 2018 மே 19 அன்று ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக, வழக்கமாகக் கடைசி இன்னிங்ஸ் போடும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு இறக்கினார்கள். மூன்று பேரையும் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அவருக்குப் பிறகு ரயன் யாப்ரோ வந்து 6⅓ இன்னிங்ஸ் போட்டார். மறுநாளும் ரோமோதான் தொடங்கினார். அந்த ஆண்டு அணி 90 வெற்றிகளோடு முடித்தது.

இதில் ஆதாயம் எங்கே என்றால், எதிரணியின் முதல் மூன்று துடுப்பாளர்களை ஓப்பனர் சமாளித்துவிடுகிறார். நீண்ட நேரம் போட வருபவர் அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களிடமிருந்து தொடங்குகிறார். அவர் போட்டியின் நடுப்பகுதியைக் கடக்கும்வரை எதிரணியின் சிறந்த துடுப்பாளர்கள் அவரை இரண்டு முறைதான் பார்த்திருப்பார்கள்.

உங்கள் மூன்று ஸ்டார்ட்டர்களில் கடைசி இருவருக்கும் இதைச் செய்து பாருங்கள். முதல்தரப் பிட்சருக்கு வேண்டாம். அதே 2018-இல் அதே ரேய்ஸ் அணியில் பிளேக் ஸ்னெல் வழமையான ஸ்டார்ட்டராகவே போட்டு 21 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது எடுத்தார். நல்லாப் போடுகிறவரை அவர்கள் தொடவில்லை.

ஸ்கோர்புக்:

ஒன்பதாம்_இன்னிங்ஸ் சொல்லுற விசயம் சரி. ஆனா இந்த அணிக்கு எண்ணிப் பாருங்கோ. முதல் மூண்டு இன்னிங்ஸில 9 அவுட். பேஸுக்கு 4 பேர் போனாலும் 13 துடுப்பாளர்தான். நாலாவது இன்னிங்ஸில வாறது 14-ஆவது ஆள், அதாவது வரிசையில 5-ஆவது ஆள், இரண்டாம் தடவை. மூண்டாம் தடவை 19-ஆவது ஆளோடதான் தொடங்கும். ஆகவே உடைவு தொடங்குறதுக்குக் காரணம் அது இல்லை. இரண்டு வோக்கும் ஒரு அடியும் விழுந்து இன்னிங்ஸ் நீண்டால், அந்த இன்னிங்ஸின்ர கடைசியில 19-ஆவது ஆள் வருவார், அப்ப நீங்கள் சொல்லுறது சேர்ந்துகொள்ளும்.

நாலாவது தொடங்கேக்க புதுசா இருக்கிறது வேற ஒண்டு. இன்னிங்ஸுக்கு 20 பந்து போட்டவர் அந்த நேரம் 60 பந்து போட்டு முடிச்சிருக்கிறார்.

வலக்கை_வேகம்:

ஓப்பனர், சோடி முறை (இரண்டு பிட்சர் ஒரு போட்டியைப் பங்குபோடுறது) எல்லாத்துக்கும் நான் எதிர். 2012-இல கொலராடோ ரொக்கீஸ் செய்து பார்த்ததுதானே. ஸ்டார்ட்டர்கள் மோசமாப் போட்டினம் எண்டு அந்த அணியின்ர மேலாளர் ஜிம் ட்ரேசி ஜூனில நாலு பேர் ரொட்டேஷனுக்கு மாறினார், ஆளுக்கு கிட்டத்தட்ட 75 பந்து எல்லை, பிறகு அடுத்த ஆள். அந்த வருசம் 64 வெற்றி, 98 தோல்வி. ஸ்ட்ரைக் போட ஏலாத பிட்சரை 75-இல நிப்பாட்டினா, ஸ்ட்ரைக் போட ஏலாத இன்னொரு பிட்சர்தான் வருவார். புல்பென்னும் (ரிலீவர் கூட்டம்) தேஞ்சு போகும்.

2020 உலகத் தொடர் 6-ஆவது போட்டியையும் மறக்க வேண்டாம். ஸ்னெல் 73 பந்துதான் போட்டவர், 5⅓ இன்னிங்ஸ், 2 அடி, 9 ஸ்ட்ரைக்அவுட், வோக் ஒண்டும் இல்லை. ரேய்ஸ் அணி 1–0 முன்னுக்கு. டொட்ஜர்ஸ் துடுப்பாளர் மூக்கி பெட்ஸ் மூண்டாம் தடவை வாறார் எண்டு ரேய்ஸ் மேலாளர் கெவின் கேஷ் ஸ்னெல்லை வெளியில எடுத்தார். நிக் அண்டர்சன் வந்தார், பெட்ஸ் டபிள் (இரண்டாம் பேஸ்வரை போற அடி) அடிச்சார், டொட்ஜர்ஸ் 3–1-ஆல வெண்டு கிண்ணத்தையும் எடுத்துது. புத்தகத்தில எழுதியிருக்கிற எல்லையை மட்டும் பார்த்து, முன்னால நல்லா நிக்கிறவனை எடுக்கக் கூடாது.

17 வயசுப் பெடியனுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஒவ்வொரு கிழமையும் 50 பந்தில எடுத்தா, களைச்ச நேரம் எப்படிப் போடுறது எண்டு அவன் எப்ப பழகுறது?

ஒன்பதாம்_இன்னிங்ஸ்:

ரொக்கீஸ் உதாரணம் நியாயமானது, ஏற்றுக்கொள்கிறேன். எல்லை வைப்பதால் ஸ்ட்ரைக் வராது. ஆனால் களைத்த கையோடு பழகுவதில் உடன்பாடில்லை. 2024-இல் சிக்காகோ வைட் சொக்ஸ் 41 வெற்றி, 121 தோல்வி. நவீன காலத்தில் ஒரு பருவத்தில் அதைவிடக் கூடத் தோற்ற மேஜர் லீக் அணி இல்லை. அந்த அணியில் காரட் குரோஷே முதல் முறையாக ஸ்டார்ட்டர் ஆனார். 2022-இல் முழங்கைச் சத்திரசிகிச்சை செய்தவர், அதுவரை ரிலீவர். அவரை 32 தடவை தொடங்க விட்டார்கள், ஆனால் மொத்தம் 146 இன்னிங்ஸ்தான், சராசரி 4½ அளவு. பருவத்தின் பிற்பாதியில் 4 இன்னிங்ஸுக்கு மேல் விடவில்லை. 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். முறை தவறாமல் பிட்சர் நிற்கும் மேட்டில் ஏறுவதால்தான் ஸ்டார்ட்டர் ஸ்டார்ட்டராகப் பழகுகிறார். அந்த முறையைக் காப்பாற்றிவிட்டு, ஒவ்வொரு தடவையும் போடும் அளவைக் குறைத்தார்கள். தோற்கிற அணிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கெச்சர்_வெள்ளவத்தை:

வோக், ஸ்டீல், வோக், அடி எண்டு எழுதியிருக்கிறீங்கள் தம்பி. நடுவில இருக்கிற ஸ்டீலை ஒருத்தரும் கதைக்கேல்லை. எனக்கு அதுதான் முதல் தடயம்.

ஸ்டொப்வோச் எடுங்கோ. செட் நிலையில (பேஸில ஆள் நிக்கேக்க, அசையாமல் நிண்டு போடுற நிலை) பிட்சர் அசையத் தொடங்கின நேரத்தில இருந்து பந்து கெச்சரின்ர கையுறையில படும்வரை ஒரு நேரம். கையுறையில பட்டதில இருந்து இரண்டாம் பேஸில பிடிக்கும்வரை இன்னொரு நேரம். இரண்டையும் கூட்டுங்கோ. இந்த வயசில நல்ல ரன்னர் லீட் எடுத்து (பேஸை விட்டுக் கொஞ்சம் முன்னுக்கு வந்து) நிண்டு இரண்டாம் பேஸுக்கு 3.5 செக்கன் அளவில போவார். பிட்சருக்கு 1.6, கெச்சருக்கு 2.2 எண்டா 3.8. கெச்சர் எவ்வளவு திறமானவர் எண்டாலும் அந்த ரன்னரைப் பிடிக்கேலாது. பிட்சர் 1.35-க்கு வந்தா, கெச்சர் 2.1-இல எறிஞ்சா, 3.45. அப்பதான் சண்டை பிடிக்கலாம். கூடுதலான நேரத்தை வெட்டக்கூடியது பிட்சரிட்ட. முன்கால் முழங்காலை நெஞ்சுவரை தூக்காமல் நிலத்தோட ஒட்டிக் கொண்டு போகச் சொல்லுங்கோ.

ரன்னர் முதலாம் பேஸில நிக்கேக்க உங்கட பெடியள் எல்லாரும் ஒரே தாளத்தில போடினமா எண்டும் பாருங்கோ. செட்டுக்கு வந்து ஒருக்கா ஒரு செக்கன், ஒருக்கா மூண்டு செக்கன், ஒருக்கா காலை ரப்பருக்கு (பிட்சர் கால் வைக்கிற பட்டை) பின்னால எடுத்து வெளியில வாறது. முதலாம் பேஸுக்கு எறியாமலே ரன்னரின்ர லீட் ஒரு அடி குறையும். முழுசா நிண்டு போடாட்டி நடுவர் ‘போக்’ எண்டு பிட்சருக்குப் பிழை குடுப்பினம், அதையும் பழக்குங்கோ.

இதில பெரிய விசயம்: பயிற்சியில பெடியள் வைன்ட்அப்பில (பேஸ் வெறுமையா இருக்கேக்க முழு அசைவோட போடுறது) மட்டும்தான் போட்டுப் பழகுவினம். போட்டியில ஆள் ஏறின உடனை செட்டுக்கு மாறோணும். சமநிலை வேற, நேரம் வேற, பந்து உயரப் போகுது. அடுத்த வோக் அப்படித்தான் வருது. புல்பென் பயிற்சியில (போட்டிக்கு வெளியில கெச்சருக்குப் போடுற பயிற்சி) பாதிப் பந்து செட்டில இருந்து போடோணும், ஒரு பெடியனை லீட் எடுத்து நிக்க வைச்சு.

பம்பலப்பிட்டி_பேஸ்:

புத்தகத்தைப் பார்த்தன். நீங்கள் எல்லாரும் சொன்னது கலந்து இருக்கு. இரண்டு பேர் பேஸ் வெறுமையா இருக்கேக்க நல்லாப் போடினம், ஆள் ஏறினா வோக் கூடுது. மற்றவர் வேகம் கூடினவர், அவருக்குத் தொடக்கத்தில இருந்தே இன்னிங்ஸுக்கு 20-க்கு மேல. ஸ்கோர்புக் அண்ணை சொன்ன கணக்கில நாங்கள் முதல்தரம் எண்டு நினைச்சவர் இரண்டாவதுக்குப் போயிட்டார். கெச்சர் அக்கா சொன்ன செட் பயிற்சி நாங்கள் செய்யிறதே இல்லை.

மண்மேடு:

தட்டைத் தரையில் பயிற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

விதிப்படி மேடு ஹோம் பிளேட்டை விட 10 அங்குலம் உயரம். 1969-க்கு முன் 15 அங்குலம் இருந்தது, பிட்சர்கள் ஆதிக்கம் செலுத்திய 1968 பருவத்துக்குப் பிறகு குறைத்தார்கள். ரப்பர் 24 அங்குல நீளம், 6 அங்குல அகலம். ரப்பரிலிருந்து ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம். ரப்பருக்கு முன்னால் 6 அங்குலம் மட்டம், அதற்குப் பிறகு அடிக்கு ஓர் அங்குலம் வீதம் 6 அடிக்குச் சரிவு. தட்டைத் தரையில் பழகியவருக்கு முன்கால் நினைத்த நேரத்தில் நிலத்தைத் தொடாது, சற்றுப் பிந்தும். கை பழைய நேரத்துக்கே வந்துவிடும். பந்து மேலே மிதக்கும்.

கிரிக்கெட் மைதானத்தில் மண் கொட்ட விடமாட்டார்கள். பலகையில் செய்யுங்கள். 8 அடிக்கு 4 அடி, 18 மில்லிமீற்றர் மெரைன் பிளைவுட் ஒன்று போதும். அதை 2 அடியாகவும் 6 அடியாகவும் வெட்டுங்கள். 2 அடித் துண்டு மட்டமான பின்பகுதி: ரப்பருக்குப் பின்னால் 1 அடி, ரப்பர் 6 அங்குலம், முன்னால் 6 அங்குலம். 6 அடித் துண்டு சரிவு: மேல் நுனியில் 6 அங்குல உயரம், கீழ் நுனி தரையோடு. உயரம் மொத்தம் 6 அங்குலம்தான், 10 இல்லை. ஆனால் முன்கால் விழும் இடம்வரை சரிவு விதிப்படியே இருக்கும், பயிற்சிக்கு அதுதான் முக்கியம். அடியில் 2×4 மரச்சட்டங்களை நீளவாக்கில் அடிக்கு ஒன்றாக வையுங்கள். இடைவெளி கூடினால் முன்கால் விழும் இடத்தில் பலகை வளையும், சில வாரத்தில் வெடிக்கும். மேலே செயற்கைப் புல் ஒட்டுங்கள். தும்புப் பாய் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். இரும்பு முள் சப்பாத்தோடு ஏற விடாதீர்கள்.

நாலாவது இன்னிங்ஸுக்கு இன்னொரு காரணமும் மேட்டிலேயே இருக்கலாம். இரு அணிப் பிட்சர்களும் கால் வைக்கும் இடத்தில் குழி விழும். மூன்று இன்னிங்ஸ் போனால் குழி ஆழமாகி, முன்கால் அதன் விளிம்பில் பட்டுச் சரியும். இன்னிங்ஸ் இடைவெளியில் குழிக்குள் சற்று ஈரமான களிமண் போட்டு இடிகட்டையால் இறுக்க ஒரு ஆளை நிறுத்துங்கள், நடுவரின் அனுமதியோடு. காய்ந்த மணலைப் போட்டால் இரண்டு பந்தில் திரும்பக் குழிதான்.

தோள்முழங்கை:

ஓய்வுக் கணக்கை ஒருத்தரும் எழுதேல்லை. மேஜர் லீக் பேஸ்போல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில 17–18 வயசுக்கு ஒரு நாள் உச்சம் 105 பந்து. 30 வரை போட்டா ஓய்வு நாள் தேவையில்லை. 31–45 எண்டா ஒரு நாள். 46–60 இரண்டு நாள். 61–80 மூண்டு நாள். 81-உம் அதுக்கு மேலயும் நாலு நாள். 15–16 வயசுப் பெடியன் அணியில இருந்தா உச்சம் 95, மூண்டு நாள் ஓய்வு 61–75-க்கு, 76-இல இருந்து நாலு நாள். எண்ணிக்கை எவ்வளவு குறைவா இருந்தாலும் மூண்டு நாள் தொடர்ந்து போட விடக் கூடாது.

இலங்கைக்கே உரிய ஒரு விசயம். உங்கட பிட்சர்மாரில ஆராவது பாடசாலையில வேகப்பந்தும் போடினமா? கிரிக்கெட்டில 10 ஓவர் எண்டா 60 பந்து. கை நேரா வாறதால முழங்கைக்கு வாற பாரம் வேற, ஆனா தோளுக்கும் முதுகுக்கும் அதே கிழமையில இரண்டு வேலை. பேஸ்போல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பாதுகாப்பு எண்டு நினைக்க வேண்டாம். அதே மாதிரி, பிட்ச் பண்ணின ஆளை அண்டைக்கே கெச்சரா நிக்க விடாதேங்கோ. கெச்சரும் போட்டி முழுக்க எறிஞ்சுகொண்டுதான் இருக்கிறார்.

சனிக்கிழமை போட்ட ஸ்டார்ட்டருக்குக் கிழமை இப்படிப் போகலாம்: ஞாயிறு எறியிறதில்லை, மெதுவா ஓட்டம். திங்கள் 60 அடியில லேசான எறி. செவ்வாய் அல்லது புதன் புல்பென், 25 பந்து, முழு வேகம் வேண்டாம், பாதி செட்டில இருந்து. வியாழன் 90 அடிக்குக் கொஞ்சம் நீட்டின எறி. வெள்ளி ஓய்வு. ரியூசனால செவ்வாய் வர ஏலாத பெடியன் புதன் போடட்டும், புதனும் தவறினா அந்தக் கிழமை புல்பென்னை விட்டிடுங்கோ. வெள்ளிக்கிழமை ஈடு கட்ட வெளிக்கிட்டா சனிக்கிழமை 4-வது இன்னிங்ஸ் திரும்ப வரும். ஜப்பான் தொழில்முறை லீக்கில ஸ்டார்ட்டர் பெரும்பாலும் கிழமைக்கு ஒருக்காத்தான் போடுவார். உங்கட அட்டவணைக்கு அமெரிக்க ஐஞ்சு நாள் முறையை விட அதுதான் பொருந்தும்.

சூடேத்துற விதமும் பாருங்கோ. போட்டிக்கு 35 நிமிசம் முதல் ஓட்டம், அசைவுப் பயிற்சி, பிறகு தூரத்தைக் கூட்டி எறி, கடைசியா மேட்டில 25–30 பந்து. கொழும்பு வெக்கையில 50 பந்து போட்டுச் சூடேத்தினா, எண்ணிக்கையில வராத 20 பந்து கையில ஏறிப் போச்சு. ரிலீவருக்கு 15 பந்து காணும்.

முழங்கையின்ர உள்பக்கம் நோகுது எண்டு சொன்னா அண்டைக்கே நிப்பாட்டி வைத்தியரிட்ட காட்டுங்கோ. ஐஸ் வைச்சுட்டு அடுத்த கிழமை போடச் சொல்லுற விசயம் இல்லை.

கொட்டாஞ்சேனை_லெப்டி:

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். எங்கட காத்தில வியர்வை காயாது. முழங்கையில இருந்து வடிஞ்சு விரலுக்கு வரும், கேர்வ் (வளைஞ்சு போற பந்து) சுழலாது, கைநழுவி உள்ளுக்க போகும். ரோசின் பையை (கை வழுக்காமல் பூசுற தூள்) மேட்டுக்குப் பின்னால வையுங்க, மழை தூறினா பொக்கெட்டுக்குள்ள. இன்னிங்ஸ் முடிய முன்னங்கையைத் துவாயால துடைக்கணும், தொப்பியும் உள்பனியனும் மாத்த இரண்டு செட் கொண்டு வரணும். வெறும் தண்ணி மட்டும் குடிச்சா உப்புப் போயிரும். ஜீவனியை (உப்புக் கரைசல் தூள்) பைக்கற்றில சொன்ன அளவுத் தண்ணியில கரைச்சு இன்னிங்ஸுக்கு ஒரு கப் மாதிரி குடுங்க.

மழை வேற கதை. ஒக்டோபர், நவம்பரில பின்னேரம் இடி மின்னலோட வரும். 9 இன்னிங்ஸ் போட்டி விதிப்படி 5 இன்னிங்ஸ் முடிஞ்சா நிண்டாலும் கணக்கு. 7 இன்னிங்ஸுக்கு எத்தனை எண்டு உங்கட அமைப்பாளர்கிட்ட எழுத்தில கேட்டு வையுங்க. பின்னேரப் போட்டியில மழை இருண்டு வந்தா, நல்ல கையைக் கடைசிக்கு ஒளிச்சு வைக்கிறதில அர்த்தமில்லை. அந்தக் கடைசி வராமலே போகலாம். மழைக்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல நிண்டா பழைய ஸ்டார்ட்டரைத் திரும்ப மேட்டில ஏத்தாதீங்க, குளிர்ந்த கை.

வலக்கை_வேகம்:

சனியா ஞாயிறா எண்ட கேள்விக்கு என்ர பதில்: சனி. சனிக்கிழமை புல்பென் காலியாகினா ஞாயிறும் சேர்ந்து போகும். கூடுதலான இன்னிங்ஸ் போடக்கூடியவர் முதல் நாள் போடட்டும். அவர் 6 இன்னிங்ஸ் போட்டா ஞாயிறுக்கு எல்லாரும் மிச்சம். முதல்தரம் எண்டு சொல்லுறது வேகத்தை இல்லை, இன்னிங்ஸுக்கு ஆகக் குறைஞ்ச பந்து போடுறவரை.

ஸ்கோர்புக்:

சனிக்கு நானும் உடன்படுறன். ஞாயிறுக்குச் சோடி போடுங்கோ: வேகமான வலக்கைக்குப் பிறகு மெதுவான இடக்கை, அல்லது மறுவளமா. ஒரே மாதிரி இரண்டு பேரைத் தொடர்ந்து போட்டா துடுப்பாளருக்கு மாற்றமே தெரியாது. ஸ்டார்ட்டர் 45 பந்துக்கு வந்த உடனை அடுத்தவர் லேசா எறியத் தொடங்கோணும். வோக் குடுத்த பிறகு எழும்பி ஓடினா அவர் தயாராகுறதுக்குள்ள இன்னிங்ஸ் முடிஞ்சு போகும். நாலாவதில உங்களுக்கு நடக்கிறதில பாதி இதுதான் எண்டு நினைக்கிறன்.

வெள்ளி, சனி, ஞாயிறுக்கு இன்னிங்ஸுக்கு 17 பந்து வைச்சா ஒரு போட்டிக்கு 120, மூண்டு போட்டிக்கு 360. உங்கட நல்ல பிட்சரை அ, மற்ற ஸ்டார்ட்டர் ஆ, இ, ரிலீவர் ஈ எண்டு வையுங்கோ. வெள்ளி: ஆ 75, அ 45. சனி: இ 80, ஈ 40. ஞாயிறு: அ 85 அளவு, மிச்சம் 35-ஐ அவசரத்துக்குப் போடுற இரண்டு பேரும். முழுத் திட்டமும் 45 எண்ட இலக்கத்திலதான் தொங்குது. வெள்ளி 45 வரை போட்டா ஒரு நாள் ஓய்வு, அது சனி, ஞாயிறு அ திரும்ப வரலாம். 46-ஆவது பந்து போட்டா இரண்டு நாள் ஓய்வு, ஞாயிறு அவர் இல்லை. வெள்ளிக்கிழமை அ-வைத் தொடக்கத்தில போடாமல் 5-ஆவது இன்னிங்ஸுக்கு வையுங்கோ. 6 ஓட்டம் முன்னுக்கு நிண்டா அவர் எழும்பவே தேவையில்லை.

கொட்டாஞ்சேனை_லெப்டி:

மழை இல்லாட்டி சரி. வெள்ளி பின்னேரப் போட்டி, வானம் கறுத்திருந்தா அ-வை முதல்ல போட்டு 45-இல எடுங்க.

தோள்முழங்கை:

எனக்கு அந்த ஞாயிறு 85 கூடுதலாப் படுது. ஓய்வு அட்டவணை அனுமதிக்குது, சரி. ஆனா வெள்ளி 45 போட்ட கை, அதுக்குச் சூடேத்தின 15-உம் இருக்கு. ஞாயிறு 60-இல எல்லை வையுங்கோ, மிச்சத்துக்கு இன்னொரு ஆளை இப்பவே தயார் பண்ணுங்கோ. மூண்டாம் பேஸில அல்லது சென்டர் ஃபீல்டில நல்ல கை உள்ள ஒருத்தர் இருப்பார். நேர்பந்தும் சேஞ்ச்அப்பும் (அதே கை வீச்சில மெதுவா வாற பந்து) காணும், கேர்வ் பழக்க வேண்டாம். ஷோர்ட்ஸ்டொப்பை (இரண்டாம், மூண்டாம் பேஸுக்கு நடுவில நிக்கிறவரை) எடுக்காதேங்கோ, அவரும் நாள் முழுக்க எறியிறவர்.

பம்பலப்பிட்டி_பேஸ்:

எல்லாருக்கும் நன்றி. 60-ஐயே வைக்கிறம், அந்த இன்னொரு ஆளாச் சென்டர் ஃபீல்டில நிக்கிற பெடியனைப் பார்க்கிறம். ஒரே ஒரு சந்தேகம்: 45-ஆவது பந்து ஒரு துடுப்பாளரின்ர நடுவில வந்தா என்ன செய்யிறது? அவரை முடிச்சிட்டு எடுக்கலாமா?

கெச்சர்_வெள்ளவத்தை:

அது உங்கட தொடரின்ர விதியைப் பொறுத்தது தம்பி. லிட்டில் லீக் விதியில, ஒரு துடுப்பாளரோட நிக்கேக்க எல்லை வந்தா அவரை முடிக்க விடுவினம், ஓய்வுக் கணக்குக்கு அந்த எல்லையைத்தான் எடுப்பினம். உங்கட தொடரில அப்படி எழுதியிருக்காட்டி நம்ப வேண்டாம். ஒரு துடுப்பாளருக்கு ஆறு பந்து சாதாரணமாப் போகும். 39 பந்துக்கு மேல போன பிறகு புது ஆளை எதிர்கொள்ள விடாதேங்கோ, எடுத்திடுங்கோ.

பந்து எண்ண ஒருத்தர் மட்டும் போதாது. ஒருத்தர் கையில கிளிக்கர், ஒருத்தர் புத்தகத்தில. ஃபவுல் அடிச்ச பந்தையும் எண்ணோணும், அதைத்தான் கூடுதலா விடுறவை. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடியவும் எதிரணியின்ர ஸ்கோரரிட்டப் போய் இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் ஒத்துப் பார்த்து எழுதுங்கோ. கடைசி இன்னிங்ஸில தகராறு வந்தா ஆராலும் திரும்ப எண்ண ஏலாது.